வேலையை விட்டுவிட்டு வருவதற்கு முன்

அன்புள்ள பாப்பா,

நேற்று போனில் "எல்லாத்தையும் விட்டுட்டு சிங்கப்பூருக்கே வந்துடவாப்பா" என்று கேட்டாய். பக்கத்தில் அம்மா இருந்ததால் சரியாகப் பேச முடியவில்லை. வருவதென்றால் தாராளமாக வா, ஆனால் நீ சொன்ன காரணம்தான் எனக்கு ஒப்பவில்லை. கிடைக்கவே கிடைக்காததைத் தேடுகிறோம் என்கிறாயே!

உன் ஆராய்ச்சியைப் பற்றி நீ சொல்லி நான் புரிந்துகொண்டது இதுதான். பெருவெடிப்புக்குப் பின் சுமார் ஒரு வினாடியில் மற்றப் பொருள்களிடமிருந்து விடுபட்டுப் போன நியூட்ரினோக்கள் என்ற நுண்துகள்கள் இன்னும் ஒவ்வொரு கன சென்டிமீட்டரிலும் 300க்கு மேல் சுற்றிக்கொண்டிருக்கின்றன, இந்த தோ பாயோ வீட்டுக்குள்ளும்தான். அவற்றுக்கு நிறை உண்டு என்று காட்டியதற்குத்தான் 2015இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். நிறை இருந்தால் கனமான நியூட்ரினோ ஒன்று லேசான நியூட்ரினோவாக மாறும்போது ஒரு ஃபோட்டான், அதாவது ஒளித்துகள், வெளிவரலாம், அதன் அலைநீளம் 50 மைக்ரோமீட்டர் அளவில் இருக்கும். தூர அகச்சிவப்பு. சிலிக்கானால் பிடிக்க முடியாத அளவுக்கு அதன் ஆற்றல் குறைவு, அதனால்தான் நயோபியமும் அலுமினியமும் வைத்து மீகடத்திச் சந்தி (இரண்டு மீகடத்திகளுக்கு நடுவே மெல்லிய ஆக்சைடு படலம்) செய்து, அரை கெல்வினுக்கும் கீழே குளிரவைத்து, ஒரே ஒரு ஃபோட்டான் உடைக்கும் எலக்ட்ரான் ஜோடிகளை எண்ணப் பார்க்கிறீர்கள். காற்றிலிருக்கும் நீராவி இந்த ஒளியை விழுங்கிவிடுவதால் ராக்கெட்டில் 200 கிலோமீட்டர் மேலே போக வேண்டும், அங்கே பார்க்கக் கிடைப்பதோ ஐந்து நிமிடம்!

இவ்வளவும் செய்து ஒன்றும் தெரியவில்லை என்றால்? நீயே ஒருமுறை சொன்னாய், இப்படி மாறும்வரை நியூட்ரினோவுக்குள்ள ஆயுள் 10^12 ஆண்டுகளுக்கு மேல் என்பதுவரைதான் இன்று தெரியும், சில கோட்பாடுகளின்படி அது 10^17 ஆண்டுகள் அளவில் இருக்கலாம், ராக்கெட்டின் இலக்கு 10^14 ஆண்டுகள் வரை சோதித்துப் பார்ப்பது என்று. அப்படியென்றால் வெறுங்கையோடு இறங்கினாலும் எல்லை நூறு மடங்கு நகர்ந்திருக்குமே. அதை எப்படி வீண் என்பாய்?

உன்னை உண்மையில் வாட்டுவது ஒளி படாதபோதும் சந்தி வழியே ஓடும் அந்தக் கசிவு மின்னோட்டம் என்று நினைக்கிறேன். நான் ஏர்கான் வேலையிலேயே காலம் தள்ளியவன், கேஸ் எங்கே கசிகிறது என்று பார்க்காமல் திரும்பத் திரும்ப நிரப்புவதில் பயனில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். இன்னும் குளிரவைத்தும் கசிவு குறையாமல் ஒரே அளவில் நிற்கிறது என்றாயே, அப்போது அது வெப்பத்தால் வருவதல்ல, நடுவிலுள்ள ஆக்சைடு படலத்திலோ சந்தியின் ஓரத்திலோதான் கோளாறு. அதைக் கண்டுபிடித்ததே பெரிய வேலை பாப்பா. சந்தியைச் சின்னதாக்கினால் பரப்புக்கேற்பக் குறைகிறதா, ஓரத்தின் நீளத்துக்கேற்பக் குறைகிறதா என்று பார்த்தால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும் இல்லையா? இதை உன் பேராசிரியரிடம் இந்த வாரமே பேசு, தயங்காதே, அவரும் இதே சுவரில் முட்டியவராகத்தான் இருப்பார்.

சித்தப்பா ஏதோ வங்கி வேலை பற்றிச் சொன்னாராம். அதை நீ கணக்கிலேயே எடுக்க வேண்டாம். வீட்டுக் கடன் முடிந்துவிட்டது, உன் சம்பளத்தை நம்பி இங்கே யாரும் இல்லை.

அடுத்துச் செய்யும் சந்திச் சில்லை (சிப்) அளந்து பார்த்த பிறகும் வேண்டாம் என்றே தோன்றினால் சொல், டிக்கெட் போடுகிறேன். தீபாவளிக்கு எப்படியும் வருகிறாய்தானே? தேதியை அம்மாவிடம் சொல்லிவிடு, முறுக்குக்கு மாவு அரைக்க வேண்டுமாம்.

அன்புடன்,
அப்பா