மீன் கூட்டத்துக்குத் தலைவன் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இத்தாலியில் நேப்பிள்ஸ் அருகே கடலுக்குள் கிடக்கும் பழைய ரோமானிய நகரமான பாயா பற்றிய கட்டுரையில், ஒரு படத்துக்குக் கீழே ‘தலைவன் மீனைப் பின்தொடரும் படை’ என்று போட்டிருக்கிறீர்கள். மீன் கூட்டத்துக்குத் தலைவன் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியாத விஷயமல்ல. பக்கத்து மீன் எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதைக் கண்ணாலும், விலாவில் ஓடும் உணர்வுக் கோட்டாலும் அறிந்து, ஒவ்வொரு மீனும் தன் போக்கை மாற்றிக்கொள்கிறது. நான் அங்கே முக்குளித்திருக்கிறேன். இடிந்த சுவரில் படர்ந்த பாசியை, பொன்னிறக் கோடுகள் போட்ட சலேமா மீன்கள் கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தன. நான் நெருங்கியதும் இரண்டாகப் பிரிந்து, என்னைத் தாண்டியதும் ஒன்றாகிவிட்டன. கூட்டம் திரும்பியபோது கடைசியில் இருந்தவை முன்னால் வந்தன. இதில் எதைத் தலைவன் என்பது?

இது முதல் தடவை என்றால் எழுதியிருக்கவே மாட்டேன். முன்பு ஒருமுறை, அந்த நகரம் ஒரே இரவில் பூகம்பத்தில் மூழ்கியதாக எழுதினீர்கள். அது எரிமலைப் பூமி. நிலம் மெல்ல மெல்லத் தாழ்ந்துதான் கடல் உள்ளே வந்தது. தாழ்வது போலவே அது உயரவும் செய்யும். பக்கத்து ஊரான பொட்சுவோலியில் 1982-84இல் மட்டும் சுமார் 1.8 மீட்டர் உயர்ந்தது. அங்குள்ள ரோமானியச் சந்தையின் தூண்களில், ஆள் உயரத்துக்கும் மேலே, கல் துளைக்கும் கடற்சிப்பிகள் போட்ட ஓட்டைகளை இன்றும் பார்க்கலாம்; அவ்வளவு உயரம் வரை ஒருகாலத்தில் கடல் இருந்ததற்கு அதுதான் சாட்சி. அப்போதே இதையெல்லாம் விளக்கிக் கடிதம் அனுப்பினேன். பாராட்டி எழுதியிருந்த முதல் இரண்டு வரிகளை மட்டும் வெளியிட்டு மீதியை வெட்டிவிட்டீர்கள். மனசு மிகவும் வலித்தது.

இப்போது என்னவென்றால், நீருக்குள் நிற்கும் சிலைகள் ரோமானியர் வைத்தவையே என்கிறது கட்டுரை. அங்கே மூழ்கிக் கிடக்கும் ரோமானியப் பேரரசர் கிளாடியஸின் மண்டபத்தில் நிற்பவை நகல்கள். மூலச் சிலைகள் கரைக்கு மேலே பாயா கோட்டையில் உள்ள அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

‘செத்த நகரம்’ என்ற தலைப்பும் சரியில்லை. 2002 முதல் அது பாதுகாக்கப்பட்ட கடற்பகுதி. மணல் தரையில் கிடைக்காத பொந்தும் நிழலும் பாசியும் அந்தச் சுவர்களில் கிடைப்பதால்தான் மீன்கள் அங்கே குடியிருக்கின்றன. அவற்றைப் படத்துக்கு அலங்காரமாக மட்டும் பார்ப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த இதழில் அந்தப் படக்குறிப்பைத் திருத்தி, மீனின் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். இந்தக் கடிதத்தை வெட்டாமல் போட இடமில்லை என்றால், திருத்தத்தை மட்டுமாவது போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்