சுவரின் மேடும் நீரின் படலமும்

ஆசிரியருக்கு,

குழாய்களில் நீரோட்டம் பற்றித் தங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரை, உட்சுவர் சொரசொரப்பானால் அழுத்த இழப்பு கூடும் என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டது. எப்போது கூடும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ஓட்டம் எவ்வளவு கொந்தளித்தாலும், சுவரை ஒட்டிப் பாகுத்தன்மை (நீரின் உள் உராய்வு) ஆளும் மெல்லிய படலம் ஒன்று உண்டு. சுவரின் மேடுகள் அதற்குள் முங்கிக் கிடக்கும்வரை ஓட்டத்துக்கு அவை பொருட்டே இல்லை. 100 மி.மீ. விட்டக் குழாயில் 20 டிகிரி நீர் விநாடிக்கு 0.2 மீட்டர் வேகத்தில் போனால், படலத்தின் தடிமன் சுமார் 0.4 மி.மீ. சுவரில் 0.26 மி.மீ. மணலைச் சீராக ஒட்டியிருந்தாலும் அது வழவழப்பான குழாய்தான். வேகம் 2 மீட்டரானால் படலம் 0.06 மி.மீ.க்கும் கீழே சுருங்கும். மணல் வெளியே துருத்தி, ஒவ்வொரு மணியின் பின்னும் சுழல்கள் கிளம்பும்.

வார்ப்பிரும்புக் குழாயின் சொரசொரப்பையும் பொறியியல் அட்டவணைகள் 0.26 மி.மீ. என்றே தருகின்றன. ஆனால் அதன் மேடுகள் ஒரே உயரமல்ல. உயரமானவை முதலில் தலைநீட்டுவதால், 0.2 மீட்டர் வேகத்திலேயே உராய்வுக் காரணி (இழப்பைக் கணக்கிட உதவும் எண்) வழவழப்பான குழாயின் 0.026க்குப் பதில் 0.031 ஆகிவிடும் (1939இல் கோல்புரூக் தந்த சூத்திரப்படி). துருவேறி 1 மி.மீ. சொரசொரப்பான குழாயில், 2 மீட்டர் வேகத்தில், 100 மீட்டர் நீளத்துக்கு அழுத்த இழப்பு 7.8 மீட்டர் நீர்மட்ட உயரத்துக்குச் சமம்; வழவழப்பான குழாயில் 3.2 மீட்டர்தான். துரு குழாயைக் குறுக்குவது தனிக்கணக்கு: விட்டம் 90 மி.மீ. ஆனால், அதே நீரளவுக்கு இழப்பு மேலும் 1.7 மடங்கு.

அந்த 0.26 என்பது அளவுகோலால் அளந்த உயரமே அல்ல. 1933இல் நிகுராட்சே மணல் ஒட்டிய குழாய்களில் செய்த சோதனைகளோடு ஒப்பிட்டு, அதே இழப்பைத் தரும் மணலின் அளவாகச் சொல்வது. பரப்பளவியால் (மேடுபள்ளங்களை அளக்கும் கருவி) கிடைத்த சராசரி உயரத்தை, உராய்வுக் காரணியைப் படித்தறிய உதவும் மூடி (Moody) வரைபடத்தில் அப்படியே போடுவது பலர் செய்யும் தவறு. சராசரி ஒன்றாக இருந்தாலும், குழிகள் நிறைந்த பரப்பைவிட முனைகள் நிறைந்த பரப்பு ஓட்டத்தை அதிகம் தடுக்கும்.

சரியான மதிப்பு வேண்டுமானால் அழுத்த வீழ்ச்சியைத்தான் அளக்க வேண்டும். நுழைவிலிருந்து விட்டத்தைப் போல 50 மடங்கு தள்ளி அழுத்தத்தை அளக்கச் சுவரில் இடும் முதல் துளை இருக்கட்டும். வேகமும் போதுமானதாக வேண்டும்: மேற்சொன்ன வார்ப்பிரும்புக் குழாய் முழுச் சொரசொரப்பு நிலையை (படலம் பொருட்டில்லாமல் போய், மேடுகளே இழப்பைத் தீர்மானிக்கும் நிலை) எட்ட விநாடிக்கு 5 மீட்டர் அளவில் தேவை. 2 மீட்டரில் அளந்து முழுச் சொரசொரப்புச் சூத்திரத்தில் போட்டால் 0.26க்குப் பதில் 0.29 வரும். விட்டத்தை அளப்பதில் 1 சதவீதம் தவறினால் உராய்வுக் காரணியில் 5 சதவீதம் தவறும்.