"கண்ணைப் பார்க்காதீர்கள்" என்று அச்சிட்டதற்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை டெல்டா பக்கத்தில் மெட்ராஸ் ஐ பற்றி ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீர்கள். "பாதிக்கப்பட்டவரின் கண்களை நேருக்கு நேர் பார்ப்பதைத் தவிர்க்க வேண்டும்" என்று அதில் ஒரு வரி. பார்வை வழியாக எந்தக் கிருமியும் தாவாது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு கண் டாக்டருக்குப் போன் போட்டிருந்தால் அந்த வரி வந்திருக்காது. என் அப்பா காலத்திலிருந்து தங்கள் பத்திரிகை வாங்குகிற வீடு எங்களுடையது. அதனால்தான் மனசு ஆறவில்லை.

அந்த ஒரு வரி என்ன செய்யும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நீடாமங்கலம் பக்கத்தில் ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். 2022 நவம்பரில் மழையோடு மழையாக மெட்ராஸ் ஐ தமிழ்நாடு முழுக்கப் பரவியது நினைவிருக்கும். அப்போது இங்கே ஒரு பள்ளியில், கண் சிவந்து வந்த பையனை வீட்டுக்கு அனுப்பாமல் சுவரைப் பார்த்து உட்கார வைத்தார்கள். மற்ற பிள்ளைகள் கண்ணைப் பொத்திக்கொண்டு அவனைத் தாண்டிப் போனார்கள். மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் எல்லாரும் ஒரே குடத்தில், ஒரே டம்ளரில் தண்ணீர் மொண்டார்கள். கண்ணைக் கசக்கிய கையோடு அவனும் மொண்டான். சாயங்காலம் அவன் அம்மா வந்தாள். முந்தானையால் அவன் கண்ணில் வடிந்த நீரை ஒற்றி எடுத்தாள். இடுப்பில் இருந்த சின்னக் குழந்தையின் முகத்தையும் அதே முந்தானையால் துடைத்தாள். நடவுக்குப் போய்ச் சம்பாதித்த காசில் மகனுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கி மாட்டியிருந்தாள் பாவம். அந்தக் கண்ணாடி வெளிச்சத்தால் வரும் கண் கூச்சத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். தொற்றைத் தடுக்காது. ஒரு சோப்பும் ஆளுக்கொரு துண்டும் தடுத்திருக்கும். அதை அவளுக்கு யார் சொன்னார்கள்?

மெட்ராஸ் ஐ பெரும்பாலும் அடினோ வைரஸால் வருகிறது. அது கண்ணீரிலும் பீளையிலும் இருக்கிறது. அங்கிருந்து கைக்கு வரும், கையிலிருந்து துண்டு, தலையணை உறை, கர்ச்சீப், செல்போன், கதவுக் கைப்பிடி என்று போகும். வீட்டில் ஒருவருக்கு வந்தால் அவருடைய துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். கண் மையையும் சொட்டு மருந்துப் புட்டியையும் பகிரக் கூடாது. சானிட்டைசரை நம்பாமல் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். நீர் வடிவது நிற்கும்வரை பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பக் கூடாது. சாதாரணமாக ஒன்றிரண்டு வாரத்தில் தானாக ஆறிவிடும். ஆன்டிபயாடிக் சொட்டு வைரஸை ஒன்றும் செய்யாது. மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டிப் பீளை கட்டி இமை ஒட்டிக்கொண்டால் அது பாக்டீரியாவாக இருக்கலாம், அப்போதுதான் அந்த மருந்துக்கு வேலை, அதுவும் டாக்டர் சொன்னால். பச்சைக் குழந்தைக்குப் பீளை தள்ளினால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. தங்கள் பெட்டிச் செய்தியில் இதில் ஒன்றையாவது தேடினேன்.

இதோடு போகவில்லை. முன்பு ஒருமுறை மகளிர் பக்கத்தில், கண்வலிக்குத் தாய்ப்பால் விடலாம், நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிப் பிழியலாம் என்று வாசகி ஒருவரின் குறிப்பைப் பரிசு கொடுத்துப் போட்டீர்கள். அன்றைக்கே ஒரு கடிதம் எழுதினேன். பிரசுரமாகவில்லை. தங்களுக்கு ஆயிரம் கடிதம் வரும், அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு எங்கள் தெருவிலேயே கண்ணில் பூச்சாறு விட்டார்கள்.

இப்போது என் அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். அந்த 2022 நவம்பருக்கு அடுத்து வந்த தை மாதம், சம்பா அறுவடை. களத்தில் நெல் தூற்றும்போது காற்றில் பறந்த சுணை அவர் கண்ணில் விழுந்தது. மறுநாள் கண் சிவந்தது. "ஊரெல்லாம் மெட்ராஸ் ஐதானே, தானா சரியாப் போயிடும்" என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். மெடிக்கலில் சீட்டு இல்லாமலே ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். சிவப்பு குறைந்தது, அவரும் மறுபடி களத்துக்குப் போனார். அப்புறம் கருவிழியில் அரிசிக் குருணை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் துடித்தார். தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் புண்ணைச் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டுப் பூஞ்சை என்றார். நெல்லும் வைக்கோலும் பட்டு வருகிற புண் இது, டெல்டாவில் புதிதே அல்ல என்றும் சொன்னார். பிறகு புட்டியை வாங்கி லேபிளைக் காட்டினார். டெக்சாமெத்தசோன் என்று பொடி எழுத்தில் இருந்தது. அது ஸ்டீராய்டு. சிவப்பை மறைத்துவிட்டு உள்ளே பூஞ்சையை வளரவிட்டிருக்கிறது. பூஞ்சைக்கான நாட்டமைசின் சொட்டை மணிக்கொரு தடவை விடச் சொன்னார்கள். அண்ணி ராத்திரியெல்லாம் அலாரம் வைத்து எழுந்து விட்டார். புண் ஆறியது, ஆனால் கண்ணில் பூ விழுந்துவிட்டது. அந்தக் கண்ணில் இப்போது வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது.

ஊர்க்காரர்களை நான் எப்படிக் குறை சொல்வது? கண் சிவந்தால் மெட்ராஸ் ஐ, மெட்ராஸ் ஐ என்றால் சொட்டு மருந்தும் கறுப்புக் கண்ணாடியும் என்று வருஷா வருஷம் பத்திரிகையில் படித்தவர்கள்தானே அவர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கண்ணைப் பார்க்கிற ஆள் எல்லா நாளும் இருப்பதில்லை. மெடிக்கல் எல்லா நாளும் திறந்திருக்கிறது. இதை எழுத மட்டும் தங்கள் நிருபருக்கு நேரம் கிடைக்கவில்லை.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அறுவடை மெஷின்கள் வயலில் இறங்குவதற்கு முன், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். பார்ப்பதால் பரவாது, கையாலும் துணியாலும் பரவும் என்று போடுங்கள். கண்ணில் சுணையோ தூசியோ விழுந்து சிவந்தாலும், வலி கடுமையாக இருந்தாலும், பார்வை மங்கினாலும், வெளிச்சம் பட்டால் கண் திறக்க முடியாவிட்டாலும், கருவிழியில் வெள்ளை தெரிந்தாலும் அன்றைக்கே கண் டாக்டரிடம் போக வேண்டும் என்று போடுங்கள். டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு பெயர்கள் லேபிளில் இருந்தால், டாக்டர் எழுதித் தராமல் ஒரு சொட்டுகூட விடக் கூடாது என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இடம் போதாது என்றால் இந்தக் கடிதத்தில் எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். அந்த இரண்டு மருந்துப் பெயர்களை மட்டும் வெட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
நீடாமங்கலம்