பதினான்கு நிமிடப் பாட்டை வெட்டச் சொன்னால்

அன்புள்ள யாழினிக்கு,

உங்கள் பேண்டின் பதினான்கு நிமிடப் பாட்டை ஐந்து நிமிடத்துக்குள் கொண்டுவரச் சொல்லி லேபிள்காரர்கள் (இசைத்தட்டு வெளியிடும் நிறுவனம்) கேட்பதாக எழுதியிருந்தாய். முடியாது என்று பதில் போடுவதற்கு முன் அமெரிக்க மெட்டல் பேண்டான ட்ரீம் தியேட்டரின் 'ஃபாலிங் இன்டூ இன்ஃபினிட்டி' (1997) ஆல்பத்தை ஒருமுறை முழுசாகக் கேள். கையில் பேனாவும் ஸ்டாப்வாட்சும் இருக்கட்டும். அந்த ஆல்பத்துக்கான 1996-97 டெமோக்களை (இறுதிப் பதிவுக்கு முந்தைய மாதிரிப் பதிவுகளை) 2007-ல் அவர்களே வெளியிட்டார்கள்; அவற்றையும் பக்கத்தில் வைத்துக்கொள். லேபிளின் கை பாட்டின் எந்த இடத்தில் விழுகிறது என்பதை நொடிக்கணக்கில் பார்க்கலாம்.

1992-ல் அவர்களுடைய 'புல் மீ அண்டர்' எட்டு நிமிடப் பாட்டாக இருந்தும் ஹிட்டானது. 1994-ல் வந்த 'அவேக்' ஆல்பத்தில் அப்படி ஒன்று அமையவில்லை. அவர்களுடைய லேபிளான ஈஸ்ட்வெஸ்ட் ரேடியோவுக்கான பாட்டைக் கேட்டது. பேண்டிடமோ இரண்டு சிடிக்குப் போதுமான பாட்டு இருந்தது. ஒரே சிடிதான் என்று முடிவானது. வெளிவந்த ஆல்பம் 78 நிமிடம்; ஒரு சிடியில் அதற்கு மேல் அதிகம் இடம் கிடையாது. இதை வெறும் ரசனைச் சண்டையாக நினைக்காதே. அந்தக் கால அமெரிக்க ஒப்பந்தங்களில் ஓர் ஆல்பத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பாட்டுக்கு மேல் பாடலுரிமைத் தொகை கிடையாது என்று வரம்பு வைப்பது வழக்கம். இரண்டாவது சிடி என்றாலே கணக்கு இடிக்கும்.

உனக்கு உதவக்கூடியது 'பர்னிங் மை சோல்'. டெமோவில் அதன் நடுவே ஒரு நீண்ட வாத்தியப் பகுதி உண்டு. தயாரிப்பாளர் கெவின் ஷெர்லி காலத்தில் அது தனியே பிரிந்து 'ஹெல்ஸ் கிச்சன்' என்ற நாலேகால் நிமிடத் துண்டாக, அந்தப் பாட்டுக்கு அடுத்தே வந்து உட்கார்ந்தது. என் கணக்கில் சரியான வெட்டு. அந்த நடுப்பகுதி தனக்கென்று ஓர் உச்சத்துக்கு ஏறுகிறது. அதற்குப் பிறகு பழைய கோரஸுக்குத் திரும்பினால் கோரஸ்தான் சப்பென்று போகும். உங்கள் பாட்டிலும் இதைச் சோதித்துப் பார். நடுப்பகுதியை மட்டும் தனியே ஓட்டு. அதற்கே தொடக்கமும் முடிவும் இருந்தால் தாராளமாகப் பிரிக்கலாம். கோரஸின் ஸ்கேலுக்கு அழைத்துப்போகும் பாலமாக மட்டும் இருந்தால் தொடாதே; எடுத்தால் கோரஸ் எங்கிருந்தோ வந்து விழுந்த மாதிரி இருக்கும்.

'யூ நாட் மீ' வேறு கதை. டெமோவில் அது 'யூ ஆர் மீ' (You or Me). பான் ஜோவியின் 'லிவின் ஆன் எ ப்ரேயர்' பாட்டில் பங்கெடுத்த பாடலாசிரியர் டெஸ்மண்ட் சைல்டை அழைத்து, பேண்டின் கிட்டாரிஸ்ட் ஜான் பெட்ரூசியோடு உட்காரவைத்துத் திருத்தினார்கள். கோரஸ் மாறியது. அவர் கைதேர்ந்தவர்தான், ஆனால் பட்டுச் சேலைக்கு டெரிகாட்டன் முந்தானை வைத்த மாதிரி, சரணம் ஒரு பக்கம், கோரஸ் ஒரு பக்கம். கோரஸை மட்டும் வெளியாளிடம் கொடுத்தால் இப்படித்தான் ஆகும். கொடுப்பதானால் மெட்டின் முதல் வரியிலிருந்தே அவர் வரட்டும். அறைக்குள் போகும் முன்பே பாடலுரிமையில் யாருக்கு எத்தனை சதவீதம் என்று நூறுக்குக் கூட்டி எழுதிக் கையெழுத்து வாங்கிவிடு. பாட்டு ஓடிய பிறகு அந்தப் பேச்சை எடுத்தால் நட்பு மிஞ்சாது.

இத்தனை நெருக்கடியிலும் பன்னிரண்டு நிமிட 'லைன்ஸ் இன் தி சேண்டும்' பதின்மூன்று நிமிட 'ட்ரையல் ஆஃப் டியர்ஸும்' தப்பியதைக் கவனி. நீளத்தை முழுசாக யாரும் தடை செய்யவில்லை. சின்னதாய் நாலைந்து கொடுத்தால் பெரிசாய் இரண்டைக் காப்பாற்றலாம். நீயும் ரேடியோ பதிப்பு ஒன்றும் முழுப் பதிப்பு ஒன்றும் சேர்த்தே அனுப்பு.

ரேடியோ பதிப்பை நீங்களே வெட்டுங்கள், அவர்களை வெட்ட விடாதே. முதல் கோரஸ் ஒரு நிமிடத்துக்குள் வர வேண்டும். முன்னிசையில் திரும்ப வருவதை முதலில் எடு, அப்புறம் சோலோவின் பின்பாதி, கடைசியாகத்தான் இறுதி கோரஸின் மறுமுறைகள். 7/8 தாளம் (சுற்றுக்கு ஏழு எண்ணிக்கை) ஓடும் இடத்தில் வெட்டினால் ஓர் எண்ணிக்கை துண்டாகத் தொங்கி, டிரம்மர் தடுமாறியது போலக் கேட்கும். முழுச் சுற்று முடிந்து அடுத்த கிக் டிரம் அடி விழுவதற்குச் சற்று முன் வெட்டி, 10-20 மில்லிசெகண்ட் கிராஸ்ஃபேட் போடு, ஒரு முனை தேய, மறுமுனை ஏறிக் கலக்கட்டும். வெட்டுக்கு முன்னால் கிராஷ் சிம்பல் அடித்திருந்தால் அதன் ஒலியின் வால் அறுந்து காட்டிக்கொடுத்துவிடும். அங்கே சிம்பல் மைக் டிராக்கை மட்டும் இன்னும் இரண்டு நொடி நீட்டிவிடு. கிளிக் (காதில் கேட்கும் தாளக் கருவியின் தட்டல்) இல்லாமல் பதிந்திருந்தால் இரு முனையிலும் வேகம் ஒத்துவராது. அப்போது ஒட்டுப்போடாமல் மறுபடி வாசித்துப் பதிவதே மேல்.

ஷெர்லியை வில்லனாக்காதே. அடுத்த ஆல்பத்தை, 1999-ல், பெட்ரூசியும் டிரம்மர் மைக் போர்ட்னாயும் தாங்களே தயாரித்தார்கள், லேபிள் தலையிடக் கூடாது என்ற பேச்சோடு. அதன் பெரும்பகுதியை மிக்ஸ் செய்தவர் அதே ஷெர்லிதான். அந்த ஆல்பத்துக்கு விதை எது தெரியுமா? 1997-ல் இடமில்லாமல் ஒதுக்கப்பட்ட, இருபது நிமிடத்துக்கு மேல் நீண்ட 'மெட்ரோபோலிஸ்' என்ற தங்கள் பழைய பாட்டின் இரண்டாம் பாகத்துக்கான டெமோ. அது 77 நிமிட ஆல்பமாக விரிந்தது.

அதனால் வெட்டிய துண்டு எதையும் அழிக்காதே. டிராக்குகளைத் தனித்தனியே, வேகமும் தேதியும் குறித்து, இரண்டு டிஸ்கில் வை. லேபிள் பணத்தில் பதிந்த டெமோ பெரும்பாலும் லேபிளுக்கே சொந்தம் என்பதால், முதல் டெமோவை உங்கள் செலவிலேயே முடித்துவிடுவது நல்லது. வெளிவராத பதிவுகள் எத்தனை ஆண்டில் உங்களிடம் திரும்பும், அதே பாட்டை மறுபடி பதிய எத்தனை ஆண்டு தடை என்ற இரண்டு ஷரத்துகளும் ஒப்பந்தத்தில் எங்கே இருக்கின்றன என்று பார்த்து, அந்தப் பக்கங்களைக் கையெழுத்துக்கு முன் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா