சினை ஊசிக்குத் தேதி மட்டும் போதாது, மணியும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "நாலு ஊசி போட்டாச்சு, மாடு நிற்கவே இல்லை" என்பது கறவை மாடு வைத்திருப்போர் வீடுகளில் ஓயாத புலம்பல். உறையவைத்த காளை விந்தைக் குழலால் பசுவின் கருப்பைக்குள் விடுவதே சினை ஊசி; சினை தங்குவதைத்தான் நிற்பது என்கிறோம். பழி உடனே விந்தின் மேல் விழும், இல்லாவிட்டால் ஊசி போட்டவர் மேல் விழும். இரண்டுமே சில இடங்களில் உண்மையாக இருக்கலாம். ஆனால் முதலில் கேட்க வேண்டியது வேறு. மாடு எத்தனை மணிக்குப் பருவத்துக்கு, அதாவது காளையை ஏற்கும் நிலைக்கு வந்தது, எத்தனை மணிக்கு ஊசி போடப்பட்டது? ஊசி விவரம் எழுதும் அட்டையைப் புரட்டினால் தேதி இருக்கும், மணி இருக்காது.

பசுவுக்குப் பருவம் 21 நாளுக்கு ஒருமுறை வரும்; 18 முதல் 24 நாள் வரை முன்பின் ஆகலாம். வந்தால் 12 முதல் 18 மணி நேரம் நீடிக்கும். கருமுட்டை இந்த நேரத்தில் வெளிவருவதில்லை என்பதுதான் பலருக்குத் தெரியாத செய்தி. பருவக் கத்தல் எல்லாம் அடங்கி 10 முதல் 14 மணி நேரம் கழித்தே அது சினைப்பையை விட்டு விடுபடுகிறது. விடுபட்ட முட்டைக்கு ஆயுள் 6 முதல் 12 மணி நேரம். விந்தணு உள்ளே ஏறக்குறைய ஒரு நாள் தாங்கும்; ஆனால் முட்டையைத் துளைக்கும் பக்குவம் பெற அதற்கு 6 மணி நேரமாவது ஆகும். காலையில் கத்தினால் மாலையில் ஊசி, மாலையில் கத்தினால் மறுநாள் காலையில் ஊசி என்று சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

நடப்பதைப் பாருங்கள். காலை 6 மணிக்குப் பருவம் தொடங்குகிறது. 8 மணிக்கே மாட்டை மருந்தகத்துக்கு ஓட்டிப்போய் ஊசி போட்டுவிடுகிறார்கள். பருவம் 18 மணி நேரம் நீடித்தால், முட்டை வருவது மறுநாள் காலை 10 மணிக்கு மேல். முந்தைய நாள் 8 மணிக்குப் போன விந்தணுவில் பெரும்பகுதி அதற்குள் செத்திருக்கும். பருவம் நள்ளிரவிலேயே தொடங்கியிருந்தால் இதே 8 மணி ஊசியில் சினை நின்றுவிடலாம். "அந்த மாட்டுக்கு ஒரே ஊசியில் நின்றது, இதற்கு ஏன் நிற்கவில்லை" என்ற குழப்பத்துக்கு இது ஒரு காரணம். இதற்கு நேர்மாறாக, மாலையில் பார்த்ததை மறுநாள் மாலை வரை தள்ளிப்போட்டால் முட்டை காலாவதியான பிறகு விந்து போய்ச் சேரலாம்.

தொடக்கத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? திறந்த பட்டியில் மற்ற மாடு மேலே ஏறும்போது அசையாமல் நிற்பதே நிச்சயமான அடையாளம். நம் ஊரில் ஒன்றோ இரண்டோ மாடு, அதுவும் கயிற்றில். ஆகவே பிறப்புறுப்பில் வழியும் சளியைத்தான் பார்க்க வேண்டும். முதலில் தண்ணீராக ஒழுகும். பிறகு முட்டையின் வெள்ளைக்கரு போலத் தெளிவாக, அறாமல் கயிறாகத் தொங்கும். கடைசியில் கெட்டியாகிக் கலங்கும். கயிறாகத் தொங்கத் தொடங்கிய பிறகு ஊசி போடுவது நல்லது. மாடு படுத்து எழுந்த இடத்தையும் வாலின் அடிப்புறத்தையும் பார்த்தால் இரவில் ஒழுகியது தெரிந்துவிடும். பிறப்புறுப்பு தடித்து உள்ளே சிவந்திருப்பது, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீர் விடுவது, அந்த வேளைப் பால் குறைவது எல்லாம் துணை அறிகுறிகள். எருமை பெரும்பாலும் கத்தாது. அதன் ஊமைப் பருவம் இரவிலும் விடியலிலும் வந்து போய்விடும். கோடையில் இன்னும் மங்கலாக இருக்கும். விடியலில் ஒருமுறை, படுக்கப்போகுமுன் ஒருமுறை தொழுவத்தில் கால் மணி நேரம் நின்று பார்ப்பவருக்கே அது தட்டுப்படும்.

பருவம் முடிந்து ஒன்றிரண்டு நாளில் வாலில் இரத்தக் கறை தெரிவதுண்டு. ஊசி கெட்டுவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை. பருவம் கடந்துபோனது என்பதே பொருள். ஊசி போடாமல் விட்டிருந்தால், அன்றிலிருந்து 18, 19 நாளில் அடுத்ததை எதிர்பார்க்கலாம். இரத்தத்தைப் பார்த்துவிட்டு ஊசிக்கு ஓடினால் பணமும் விந்துக் குச்சியும் வீண்.

இனி ஊசி போடுபவர் பக்கம். உறைவிந்துக் குச்சி கழித்து 196 டிகிரி செல்சியஸ் குளிரில் திரவ நைட்ரஜனுக்குள் இருக்கிறது. தேடுவதற்காகக் கூடையைக் கலனின் கழுத்துக்கு மேலே தூக்கிச் சாவகாசமாக எண்ணினால் உள்ளே உள்ள மற்ற குச்சிகளும் கெடும். வெளியே பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. குச்சியை 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் வைத்து எடுக்க வேண்டும். உள்ளங்கையில் உருட்டுவதும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வண்டியில் வருவதும் விந்தணுவைக் கொல்லும் வழிகள். எடுத்ததும் நன்றாகத் துடைக்க வேண்டும், ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போனாலும் விந்தணு வீங்கிச் சாகும். விந்து செலுத்தும் குழலை முதலில் சற்று மேல்நோக்கிச் செலுத்தாவிட்டால் அது சிறுநீர்த் துவாரத்துக்குள் போகும். கருப்பை வாயின் வளையங்களைத் தாண்டியவுடன் நிறுத்தி, அங்கேயே மெதுவாக விட வேண்டும். ஆழமாகக் குத்தினால் கருப்பையின் ஒரு பக்கக் கிளையில் (கொம்பில்) மட்டுமே விழும். வெந்நீர்க் குடுவையும் வெப்பமானியும் இருக்கின்றனவா என்று மாட்டுக்காரர் கேட்பதில் தவறே இல்லை.

இப்போது பெண்கன்று வேண்டி, பாலினம் பிரித்த விந்துக் குச்சியைப் பலர் கேட்கிறார்கள். பத்துக்கு ஒன்பது கிடேரி என்பது சரிதான். ஆனால் வழக்கமான குச்சியில் சுமார் 2 கோடி விந்தணு இருக்க, இதில் சுமார் 20 லட்சமே. நேரம் பிசகினால் ஈடுகட்ட ஆள் இல்லை. தொடர்ந்து சினை தங்காத மாட்டுக்கு இதைப் போடுவது வீண் செலவு. நன்றாக வளர்ந்த கிடேரிக்குப் போடலாம். அதன் எடை வளர்ந்த பசுவின் எடையில் மூன்றில் இரண்டு பங்காவது இருக்கட்டும், வயதை மட்டும் பார்த்து அவசரப்பட வேண்டாம். காளைக்கன்றுடன் இரட்டையாகப் பிறந்த கிடேரியை வளர்த்து ஊசி போட்டுப் போட்டு ஏமாறுபவர்களும் உண்டு. அது நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பிறவி மலடு.

ஊசி போட்ட பின் மாட்டைப் படுக்கவிடாமல் நிறுத்திவைப்பதில் பயன் இல்லை. நிழலும் தண்ணீரும் போதும். 18 முதல் 24 நாள் வரை கவனியுங்கள். பருவம் திரும்பவில்லை என்பதாலேயே சினை என்று முடிவு கட்டாமல், 60 நாளில் மருத்துவரிடம் காட்டிப் பார்க்க வேண்டும். சினை மாடும் அபூர்வமாகப் பருவ அறிகுறி காட்டும். பார்க்காமல் குழலை விட்டால் கரு கலையக்கூடும்.

சளியில் சீழ் கலந்திருந்தால் அந்தப் பருவத்தில் ஊசி வேண்டாம், கருப்பைப் புண்ணுக்கு வைத்தியம் தேவை. பெரும்பாலும் அந்தப் புண் கன்று ஈன்ற அன்றே தொடங்குகிறது. நஞ்சுக்கொடி 12 மணி நேரத்தில் விழாவிட்டால் கல்லோ செருப்போ கட்டித் தொங்கவிடுகிறார்கள். அது கருப்பையைக் கிழிக்கிறது, இல்லையேல் பாதி அறுந்து உள்ளே அழுகுகிறது. வைக்கோலை மட்டும் தின்னும் மாட்டுக்குப் பருவமே சரியாக வராது என்பதும் உண்டு. கறவை மாட்டுக்கு நாளுக்கு 50 கிராம் தாது உப்புக் கலவை கொடுங்கள்.

ஆண்டுக்கு ஒரு கன்று வேண்டுமானால், பசுவின் சினைக்காலம் 280 நாள் போக மிஞ்சுவது 85 நாள். ஈன்ற கருப்பை ஆறித் தயாராக 60 நாள் விட வேண்டும். மீதி 25 நாளில் பெரும்பாலும் ஒரே ஒரு பருவம்தான் வரும். அதைத் தவறவிட்டால் 21 நாள் தீனி தண்டம்.

எனவே கால்நடைத் துறைக்கு இரண்டு வேண்டுகோள். அட்டையில் பருவம் கண்ட மணி, ஊசி போட்ட மணி இரண்டையும் எழுதித் தர வேண்டும். காலையில் பருவம் கண்ட மாட்டுக்கு மாலையில் ஊசி போட, எல்லாக் கிளை நிலையங்களிலும் ஆள் இருக்க வேண்டும். மாலையில் யாரும் இருக்க மாட்டார்கள் என்ற பயத்தில்தான் பலர் காலையிலேயே மாட்டை ஓட்டி வருகிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்கள் சிலர்,
ஈரோடு மாவட்டம்