கேபிள் இணைய இணைப்புகளை ஃபைபருக்கு மாற்ற மின்கம்ப அனுமதியும் ஊராட்சி ஃபைபரும் கோரும் மனு

அனுப்புநர்:
உள்ளூர் கேபிள் ஆபரேட்டர்கள்,
மன்னார்குடி வட்டாரம், திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
தகவல் தொழில்நுட்பவியல் மற்றும் டிஜிட்டல் சேவைகள் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: கோஆக்சியல் கம்பிகளை (கேபிள் டிவிக்கான உலோகக் கம்பிகளை) ஃபைபராக (கண்ணாடி இழையாக) மாற்றுவதற்கு மின்கம்ப அனுமதியும் ஊராட்சி அளவிலான இணையத் திறன் (பேண்ட்வித்) குத்தகையும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மன்னார்குடி வட்டாரச் சிற்றூர்களில் கேபிள் டிவி கொடுத்துவரும் நாங்கள், அதே கோஆக்சியல் கம்பியில் இணைய இணைப்பும் வழங்கி வருகிறோம். பிராட்பேண்டின் குறைந்தபட்சப் பதிவிறக்க வேகத்தை ஒன்றிய அரசு 2023 ஜனவரியில் 512 கேபிபிஎஸ்-லிருந்து 2 எம்பிபிஎஸ்ஸாக உயர்த்தியது. அந்த வரம்பைப் பழைய கம்பியும் எட்டிவிடும். சிக்கல் பதிவேற்றத்தில்தான் இருக்கிறது. வீட்டுக்குப் படம் கொண்டுவரவே போடப்பட்ட கம்பி என்பதால், திரும்பிச் செல்லும் சிக்னலுக்கு அதில் குறுகலான இடமே உண்டு. அதையும் ஒரு நோடில் (ஒரு பகுதிக்குச் சிக்னலைப் பிரித்தனுப்பும் பெட்டியில்) உள்ள எல்லா வீடுகளும் பங்கிட்டுக்கொள்கின்றன. மழைநீர் இறங்கிய ஒரு கனெக்டரின் இரைச்சல் தெரு முழுவதையும் கெடுக்கிறது. வழியில் ஓர் ஆம்ப்ளிஃபயருக்கு மின்சாரம் நின்றால் அதற்கப்பால் இணைப்பே இல்லை.

ஜிபான் எனும் ஃபைபர் முறையிலோ, நடுவில் மின்சாரமே தேவைப்படாத ஸ்பிளிட்டர் (ஒளியைப் பல இழைகளுக்குப் பிரிக்கும் கருவி) மூலம் ஒரே இழையிலிருந்து 32 வீடுகளுக்கு ஏறக்குறைய 2.5 ஜிபிபிஎஸ் பதிவிறக்கத்தையும் 1.25 ஜிபிபிஎஸ் பதிவேற்றத்தையும் பகிர்ந்தளிக்கலாம். இதற்கான முதலீட்டைக் கடன் வாங்கியாவது போட நாங்கள் ஆயத்தமாக உள்ளோம். ஆனால், ஃபைபர் ஏறவேண்டிய மின்கம்பத்துக்கு இத்தனை ஆண்டு, இவ்வளவு வாடகை என்று எழுத்தில் ஓர் அனுமதி கையில் இல்லாதபோது, அந்தக் கம்பத்தை நம்பி எந்த வங்கியும் கடன் தருவதில்லை. 2018 நவம்பர் 16 அன்று கரையேறிய கஜா புயல் டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தபோது எங்கள் கேபிள்களும் அவற்றோடு விழுந்தன. புதிய கம்பங்களில் மீண்டும் கட்டினோம். உரிமை மட்டும் எழுத்துக்கு வரவில்லை.

தொலைத்தொடர்புச் சட்டம், 2023-இன் கீழ் வந்த வழியுரிமை விதிகள் (கம்பி, கம்பம் அமைக்க இடத்தைப் பயன்படுத்தும் உரிமை பற்றியவை) 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருந்தாலும், அவை உரிமம் பெற்ற நிறுவனங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. கேபிள் ஆபரேட்டர் பதிவை மட்டும் வைத்துத் தொழில் செய்யும் சிறு ஆபரேட்டர் அவற்றைத் தாமாகப் பயன்படுத்திக்கொள்வது கடினம்.

ஆகவே, எரிசக்தித் துறையுடன் கலந்து, பதிவுபெற்ற ஆபரேட்டர்களுக்குக் குறைந்தது ஐந்தாண்டுகளுக்கு நிலையான வாடகையில் மின்கம்ப அனுமதி வழங்கவும், 12,525 கிராம ஊராட்சிகளுக்கான பாரத்நெட் ஃபைபர் இணையத் திட்டத்தை மாநிலத்தில் செயல்படுத்தும் டான்ஃபினெட் நிறுவனத்தின் ஃபைபரிலிருந்து, அந்தந்த ஊராட்சியிலேயே, சிறு ஆபரேட்டருக்குக் கட்டுப்படியாகும் சிறு அளவுகளில், வெளிப்படையாக அறிவித்த ஒரே கட்டணத்தில் இணையத் திறனைக் குத்தகைக்குத் தரவும் ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அனுமதி கிடைத்த கம்பங்களில் பயனற்றுத் தொங்கும் பழைய கம்பிகளை எங்கள் செலவிலேயே அகற்றித் தருவோம்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மன்னார்குடி வட்டாரக் கேபிள் ஆபரேட்டர்கள்