அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்: சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சகத்தில் வாகனப் பாதுகாப்பைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் விழுப்புரத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர். 2023 ஆகஸ்ட் 22-ஆம் தேதி உங்கள் அமைச்சகம் டெல்லியில் 'பாரத் என்கேப்' என்ற திட்டத்தைத் தொடங்கிவைத்தது. கார்களை மோதவிட்டு நட்சத்திரம் கொடுக்கும் திட்டம். மறுநாள் மாலை 6.04 மணிக்குச் சந்திரயான்-3 திட்டத்தின் விக்ரம் கலம் நிலவில் இறங்கியது. அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் எங்கள் ஊர்க்காரர். அன்று எங்கள் தெருவில் பட்டாசுச் சத்தம் அடங்க வெகுநேரம் ஆயிற்று. முந்தைய நாள் செய்தியை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. நானும் பல நாள் கழித்துத்தான் படித்தேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சாலையில் குழி இருக்கும்போது ராக்கெட் எதற்கு என்று கேட்கும் கட்சி இல்லை நான். முப்பது வருடம் வகுப்பறையில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே தொண்டை கட்டியவன். எனக்கு இஸ்ரோவின் ராக்கெட்டைப் பார்த்துப் பொறாமை வந்ததில்லை. 2019-க்கும் 2023-க்கும் நடுவே அவர்கள் செய்த வேலையைப் பார்த்துத்தான் வந்தது.

2019 செப்டம்பர் 7 அதிகாலையில் சந்திரயான்-2 தரையிறங்கி உடைந்தது. என்ன நடந்தது என்பதை, 2023-இல் இஸ்ரோ தலைவராக இருந்த சோமநாத் வெளிப்படையாகவே விளக்கினார். ஐந்து என்ஜின்களும் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் உந்துவிசை தந்தன. பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தன. அதைச் சரிசெய்யும் வேகத்தில் கலம் திரும்ப மென்பொருள் இடம் தரவில்லை. இறங்க ஒதுக்கிய இடமோ வெறும் 500 மீட்டர் சதுரம். அடுத்த கலத்தில் நடு என்ஜினை எடுத்துவிட்டார்கள். கால்களைப் பலப்படுத்தினார்கள், எரிபொருளைக் கூட்டினார்கள், இறங்கும் இடத்தை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் என்று அகலப்படுத்தினார்கள். எதெல்லாம் தவறாகப் போகலாம் என்று பட்டியல் போட்டு, தவறினாலும் இறங்குகிற மாதிரி வடிவமைத்தார்கள். கால்கள் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தைத் தாங்கினால் போதும் என்றிருந்ததை 3 மீட்டராக உயர்த்தினார்கள். மணிக்கு 11 கிலோமீட்டர்கூட வராது, சைக்கிள் வேகம். அந்தச் சைக்கிள் வேகத்துக்கு அவ்வளவு கவலை.

இது புதுப் பழக்கமும் இல்லை. 1979 ஆகஸ்ட் 10-இல் எஸ்எல்வி-3 ராக்கெட் கடலில் விழுந்தபோது, இரண்டாம் கட்டத்தின் ஒரு வால்வு வழியாக அமிலம் கசிந்ததுவரை தோண்டி எடுத்தார்கள். அடுத்த ஜூலையில் ராக்கெட் மேலே போனது. திட்ட இயக்குநராக இருந்த கலாமை யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை.

இப்போது எங்கள் நெடுஞ்சாலைக்கு வருகிறேன்.

என் பழைய மாணவன் ஒருவன் உளுந்தூர்பேட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு வாடகைக் காரில் போனான். விடியற்காலை. சாலையோரம் நின்றிருந்த லாரியின் பின்னால் கார் புகுந்தது. பின் இருக்கையில் இருந்த அவன் போய்விட்டான். ஓட்டுநர் பிழைத்தார். முதல் தகவல் அறிக்கையை அவன் அப்பா என்னிடம் கொண்டுவந்து காட்டினார். தமிழ்நாட்டில் அந்த வாக்கியம் தெரியாதவர் இருக்க முடியாது: 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து'. அவ்வளவுதான். வழக்கு முடிந்தது, அதாவது காரணம் முடிந்தது.

நான் ஒரு வாரம் கழித்துப் போய் அந்தக் காரைப் பார்த்தேன். போலீஸ் ஸ்டேஷன் வளாகத்தில் வேப்பமரத்தடியில் நிற்கிறது. பின் இருக்கைக்கு அழகான உறை போட்டிருந்தார்கள். பெல்ட்டின் கொக்கி மாட்டும் பூட்டுகள் அந்த உறைக்கு அடியில் புதைந்து கிடந்தன. அவன் பெல்ட் போட நினைத்திருந்தாலும் போட்டிருக்க முடியாது. லாரிக்குப் பின்விளக்கு எரிந்ததா, ஒளிரும் பட்டை ஒட்டியிருந்ததா, கார் அடியில் நுழையாமல் தடுக்கும் இரும்புச் சட்டம் ஒழுங்காக இருந்ததா, அந்த இடத்தில் லாரி நிறுத்த வேறு இடம் இருந்ததா? ஒன்றும் அறிக்கையில் இல்லை. சரி, வேகம் எவ்வளவு? அதுவும் இல்லை. 'அதிவேகம்' என்ற சொல் மட்டும் இருந்தது.

உங்கள் அமைச்சகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கையை அதற்கப்புறம்தான் எடுத்துப் படித்தேன். நாடு முழுவதும் 1,68,491 பேர் இறந்திருக்கிறார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடம், 64,105. இறப்புகளில் 71.2 சதவீதத்துக்கு அதிவேகம் காரணம் என்கிறது அறிக்கை. தசமப் புள்ளியோடு கொடுத்திருப்பதைப் பார்த்தால் அளந்து சொன்னது போலத் தோன்றும். ஆனால் ஐயா, அந்த எண் எங்கிருந்து வருகிறது? ஒவ்வொரு காவல் நிலையத்திலும் எழுதப்படும் அதே வாக்கியத்திலிருந்துதானே? யார் எந்த ஸ்பீடோமீட்டரைப் பார்த்தார்கள்? வேகம் கொல்லாது என்று நான் சொல்ல வரவில்லை. மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது 16 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஐந்து மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். 100 கிலோமீட்டர் என்றால் பன்னிரண்டு மாடிக்கு மேல். இதைப் பதினோராம் வகுப்பிலேயே கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன். என் வருத்தம், காரணம் தெரிந்துவிட்டது என்று எழுதி மூடிவிட்டால் மற்ற காரணங்களை யாரும் தேடமாட்டார்கள் என்பதுதான்.

வேடிக்கை என்னவென்றால், வேகத்தை அளக்கும் கருவி பல புதிய கார்களுக்குள்ளேயே இருக்கிறது. ஏர்பேக்கை இயக்கும் சின்னக் கணினி, மோதலுக்கு முந்தைய சில நொடிகளில் கார் என்ன வேகத்தில் போனது, பிரேக் மிதித்தார்களா, பெல்ட் மாட்டியிருந்ததா என்பதையெல்லாம் பதிந்து வைத்துக்கொள்கிறது. நிலவிலிருந்து வந்த தரவை வைத்து இஸ்ரோ கணக்குப் போட்டது. வேப்பமரத்தடியில் துருப்பிடிக்கும் காரிலிருந்து தரவை எடுக்க நமக்கு ஆள் இல்லை. சென்னை ஐஐடி உங்களுக்காக உருவாக்கிக் கொடுத்த விபத்துத் தரவுத்தளத்தில் காவலர்கள் 2021 முதல் செல்பேசியிலேயே விவரங்களை ஏற்றுகிறார்கள், தெரியும். நல்ல வேலை. ஆனால் பதிவு வேறு, விசாரணை வேறு.

ரயிலைப் பாருங்கள். பெரிய ரயில் விபத்து நடந்தால் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விசாரிக்கிறார். அந்த ஆணையம் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. ரயில்வேயின் தவறை ரயில்வேயே விசாரித்தால் உருப்படாது என்று யாரோ ஒரு புத்திசாலி அப்போதே யோசித்திருக்கிறார். விமானத்துக்கும் தனி விசாரணை அமைப்பு உண்டு. 1956 நவம்பரில் அரியலூர் பக்கம் மருதையாற்றில் ரயில் விழுந்ததற்கு ஓர் அமைச்சரே பதவி விலகினார். சாலையில் மட்டும் 2022 கணக்குப்படி தினமும் சராசரியாக 460 பேர் போகிறார்கள், ஓட்டுநர்மேல் வழக்குப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம். புதிய சட்டம்கூட வேண்டியதில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 135-ஆம் பிரிவே விபத்துகளின் காரணங்களை ஆழமாக ஆராயத் திட்டம் வகுக்க இடம் தருகிறது. சுவீடனில் சாலைத் துறையே ஒவ்வொரு சாவுக்கும் இப்படி ஒரு விசாரணை நடத்துகிறது. அங்கே எண்ணிக்கை குறைவு, அவர்களால் முடியும் என்பீர்கள். நாம் மாவட்டத்துக்கு மாதம் ஐந்து விபத்துகளை எடுத்துக்கொள்ளலாமே. காவலர், சாலைப் பொறியாளர், வாகன ஆய்வாளர், மருத்துவர் என நாலு பேர் போய்ப் பார்த்து, பெயர்களை நீக்கிவிட்டு அறிக்கையை வெளியிட்டால் போதும். எங்கள் மாவட்டத்து அறிக்கையை நானே படித்து உங்களுக்குப் பின்னூட்டம் எழுதுவேன். எனக்கு வேறு வேலையும் இல்லை.

ராக்கெட்டையும் காரையும் வாத்தியார் வலுக்கட்டாயமாக முடிச்சுப் போடுகிறார் என்று உங்களில் யாராவது நினைக்கலாம். முடிச்சுப் போட்டது நான் இல்லை. 1954 டிசம்பரில் அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஜான் ஸ்டாப், தண்டவாளத்தில் ஓடும் ராக்கெட் வண்டியில் தன்னையே கட்டிக்கொண்டு மணிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் போய், ஒன்றரை நொடிக்குள் நின்றார். விமானிகளின் உடல் எவ்வளவு தாங்கும் என்று பார்க்கத்தான். ஆனால் தங்கள் படை விமான விபத்தில் இழப்பவர்களைவிடக் கார் விபத்தில் இழப்பவர்கள் அதிகம் என்று கண்டுகொண்டு, அப்புறம் வாழ்நாளெல்லாம் கார் பெல்ட்டுக்காக வாதாடினார். 1966-இல் அமெரிக்காவின் வாகனப் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தானபோது அவரும் அங்கே இருந்தார். இன்று நாம் தோளுக்குக் குறுக்கே போடும் மும்முனை பெல்ட்டை 1959-இல் வால்வோவுக்கு வடிவமைத்த நில்ஸ் போலின், அதற்கு முன்னால் போர் விமானங்களிலிருந்து விமானியை வெளியே தூக்கி எறியும் இருக்கையைச் செய்துகொண்டிருந்தவர். அந்தக் காப்புரிமையை வால்வோ மற்ற நிறுவனங்களுக்கும் திறந்துவிட்டது.

இவ்வளவு பாடுபட்டு வந்த பெல்ட்டுக்கு நம் ஊரில் என்ன மரியாதை? பெல்ட் போடாவிட்டால் கார் கத்துகிறதே, அதன் வாயை அடைக்க ஒரு போலிக் கொக்கியை விற்றார்கள். 2023-இல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலையிட்டு, இணையக் கடைகளிலிருந்து 13,118 விற்பனைப் பக்கங்களை எடுக்கவைத்தது. 2022-இல் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே பின் இருக்கையில் பெல்ட் இல்லாமல் இறந்தபோது நாடே ஒரு மாதம் பின் பெல்ட்டைப் பற்றிப் பேசியது. சட்டம் அதற்கு முன்னாலேயே இருந்தது. ஆறு ஏர்பேக் கட்டாயம் என்று வரைவு போட்டீர்கள், ஒரு வருடம் தள்ளிவைத்தீர்கள், பிறகு கட்டாயமில்லை என்று விட்டுவிட்டீர்கள். பாரத் என்கேப்பும் நிறுவனங்கள் விரும்பினால் வரலாம் என்ற நிலையில்தான் இருக்கிறது. தேர்வுக்கு வர விருப்பமா என்று நான் வகுப்பில் கேட்டிருந்தால் கடைசி பெஞ்சு வந்திருக்குமா?

நவீனத் தொழில்நுட்பம் என்ற பெயரில் வருவதையும் கொஞ்சம் கவனியுங்கள். போன ஐப்பசி மழையில் மகனுடைய புதுக் காரை ஜிஎஸ்டி சாலையில் ஓட்டினேன். முன்கண்ணாடி உள்ளே ஆவி படிந்துவிட்டது. பழைய காரில் ஒரு பொத்தானைத் தடவிக் கண்டுபிடித்து அழுத்துவேன். இதில் திரையில் ஒரு படத்தைத் தொட்டு, அதற்குள் இன்னொன்றைத் தொட்டு, ஈரக் கைக்கு அது அசையாமல், பக்கத்தில் மருமகள் குனிந்து தேடி... நூறு கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு நொடி கண்ணை எடுத்தால் 56 மீட்டர், இரண்டு ரயில் பெட்டி நீளத்துக்கு மேல், குருடாகப் போகிறோம். ஐரோப்பாவின் என்கேப் அமைப்பு 2026 முதல் இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன், அபாய விளக்கு போன்றவற்றுக்குத் தொட்டுணரும் பொத்தான் இல்லாவிட்டால் முழு மதிப்பெண் இல்லை என்கிறது. நம் நட்சத்திரத்திலும் இதைச் சேர்ப்பதற்கு ஒரு சுற்றறிக்கை போதாதா?

பொத்தானைவிட எனக்குப் பயம் தருவது கதவு. 1967 ஜனவரி 27-இல் அப்பல்லோ-1 கலம் தரையில் சோதனையில் இருந்தபோதே தீப்பிடித்தது. உள்பக்கமாகத் திறக்கும் கதவு, உள்ளே ஏறிய அழுத்தத்தால் அசையவில்லை. உள்ளே இருந்த விண்வெளி வீரர்கள் மூன்று பேரும் இறந்தார்கள். நாசா கதவையே மாற்றியது, சட்டென்று வெளிப்பக்கம் திறக்கும்படி. இன்று சில மின்கார்களில் கதவு திறப்பதே மின்சாரத்தை நம்பி இருக்கிறது. உள்ளே குழந்தை, வெளியே பெற்றோர், பின்கதவு திறக்கவில்லை என்ற புகார்கள்மேல் 2025 செப்டம்பரில் அமெரிக்க அரசு ஒரு விசாரணையைத் தொடங்கியது. கையால் திறக்கும் இழுப்பான் எங்கேயோ ஒளிந்திருக்கும், கையேட்டில் 200-ஆம் பக்கத்தில் படம் இருக்கும். தீப்பிடித்த காரில் யார் கையேடு படிப்பார்கள்? ஒவ்வோர் இருக்கையிலிருந்தும் கண்ணுக்குத் தெரியும், மின்சாரம் இல்லாமல் திறக்கும் கைப்பிடி வேண்டும் என்று நீங்கள் இப்போதே எழுதிவிடுங்கள். இந்த ஒரு விஷயத்திலாவது யாரும் செத்துக் காட்டும்வரை காத்திருக்க வேண்டாம்.

இஸ்ரோ நாமக்கல் பக்கத்துச் சித்தம்பூண்டி மண்ணை டன் கணக்கில் அள்ளிக்கொண்டுபோய், நிலவு மண் மாதிரி பரப்பி, கலத்தை ஓட்டிப் பார்த்தது. நம் அரசிடமும் ஒரகடத்தில் மோதல் சோதனைக்கூடம் இருக்கிறது. அங்கே புத்தம்புதுக் காரைச் சுவரில் மோதவிடுகிறார்கள், நல்லது. அப்படியே, சீட் உறை போட்ட காரையும் கொஞ்சம் மோதவிடச் சொல்லுங்கள். நாங்கள் ஓட்டுவது அதைத்தான்.

நான் சொன்ன அந்தக் கார் இன்னும் அதே வேப்பமரத்தடியில்தான் நிற்கிறது. போன வாரம் போனபோது கண்ணாடியில் இலை மூடியிருந்தது, பின் இருக்கை உறை அப்படியே இருக்கிறது. உங்களில் யாராவது வந்து பார்ப்பதானால் நானும் கூட வருகிறேன். காலையில் வந்தால் வெயில் இருக்காது.

இப்படிக்கு,
விழுப்புரத்திலிருந்து ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர்